கோடைப் பயிலரங்கில் கற்பது வகுப்பறை வரை வந்து சேர என்ன செய்யலாம்?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, நடுநிலை வகுப்புகள்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பிக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு பயிலரங்கிலாவது கலந்துகொள்ள வேண்டும் என்று பள்ளியில் கூறியிருக்கிறார்கள். எதில் சேர்வது என்பதை எங்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள்.

என் முன் மூன்று வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, மின்சுற்று, ஒளி, வெப்பம் ஆகிய பாடப்பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தங்கிப் பயிலும் பயிலரங்கு. இன்னொன்று, திறன்பலகை, வினாடிவினாச் செயலிகள், செயற்கை நுண்ணறிவு, வகுப்பறை மேலாண்மை, மதிப்பீடு என்று நாளுக்கொரு தலைப்பில் நடக்கும் ஒருநாள் பயிலரங்குகள். இவற்றில் எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். மற்றது, வசதிப்பட்ட நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடிய இணையவழிப் படிப்பு. மூன்றுக்கும் சான்றிதழ் உண்டு. பள்ளிப் பதிவேட்டிலும் மூன்றுக்கும் ஒரே மதிப்புத்தான்.

சான்றிதழ் கிடைப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பயிலரங்கின் கடைசி நாளில் இருக்கும் உற்சாகம், பள்ளி திறந்து பாடங்களை முடிக்கும் அவசரம் தொடங்கியதும் கரைந்துவிடுகிறது. கையேடு அலமாரிக்குப் போய்விடுகிறது. என்னுடன் பணியாற்றும் பலரும் இதையே சொல்கிறார்கள். பயிலரங்கு எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார்கள். அதனால் உங்கள் வகுப்பில் எது மாறியது என்று கேட்டால் சற்று யோசித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். விடுமுறையில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மாணவர்களுக்கு எதையும் கொண்டுவராமல் திரும்புவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே, ஒரு பயிலரங்கு வகுப்பறைக்கு உதவுமா உதவாதா என்பதைச் சேர்வதற்கு முன்பே எதைக் கொண்டு மதிப்பிடலாம்? சேர்ந்த பிறகு, அங்கே கற்பது அடுத்த கல்வியாண்டு முழுவதும் நிலைக்க என் தரப்பில் நான் செய்ய வேண்டியது என்ன? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பயிலரங்குக் கருத்தாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளில் பல ஆண்டுகளாகக் கருத்தாளராக இருந்து வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்றில் என் பரிந்துரை முதலாவதுதான். அது ஒரு வாரம் நடக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது எடுத்துக்கொண்ட பொருள் குறுகியது என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். பாடப்பொருளை அறிந்திருப்பது ஒன்று. வகுப்பை நடத்தத் தெரிந்திருப்பது மற்றொன்று. இந்தக் குறிப்பிட்ட பாடத்தை இந்த வயது மாணவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார், எந்த எடுத்துக்காட்டு அவருக்குத் துணை செய்யும், எது அவரை மேலும் குழப்பும் என்று அறிந்திருப்பது இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது அறிவு. ஆசிரியரை ஆசிரியராக்குவது இந்த மூன்றாவதுதான். பொதுவான தலைப்புகளில் நடக்கும் பயிலரங்குகளில் இது கிடைப்பதில்லை, ஏனென்றால் அங்கே எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒரே அறையில் அமர்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் பொருந்தும்படி பேசும்போது எந்தப் பாடத்துக்குள்ளும் ஆழமாகப் போக முடியாது.

உங்கள் மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட் தலைமையில் இயங்கிய இயற்பியல் கல்விக் குழு, பள்ளி ஆசிரியர்களுக்காகக் கோடைப் பயிலரங்குகளை நீண்ட காலம் நடத்தியது. அந்த வகைப் பயிலரங்குகளில் வரும் ஒரு செயல்பாட்டை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஒரு மின்கலம், ஒரே ஒரு கம்பி, ஒரு சிறு விளக்கு. இவற்றை மட்டும் கொண்டு விளக்கை எரியவைக்க வேண்டும். விரிவுரை கிடையாது, படம் கிடையாது. பட்டம் பெற்ற ஆசிரியர்களில் கணிசமானோர் முதலில் விளக்கின் அடி முனையை மின்கலத்தின் மேல் வைத்துவிட்டு, கம்பியால் மின்கலத்தின் இரு முனைகளையும் இணைப்பார்கள். கம்பி சூடாகும், விளக்கு எரியாது. விளக்குக்கும் இரண்டு முனைகள் உண்டு, ஒன்று அடியில் உள்ள புள்ளி, மற்றொன்று பக்கவாட்டில் உள்ள உலோகப் புரி என்பதைத் தாமே கண்டுபிடித்த பிறகுதான், "சுற்று மூடியிருக்க வேண்டும்" என்று தாம் ஆண்டாண்டாகக் கரும்பலகையில் எழுதிய வரியின் பொருள் அவர்களுக்கு முழுமையாக விளங்குகிறது. அடுத்து ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளைத் தொடராக இணைக்கச் சொல்லி, எது பிரகாசமாக எரியும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்வோம். முதல் விளக்கு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், அதனால் இரண்டாவது மங்கும் என்று எழுதும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு இயல்பானது என்பதை உணர்ந்த ஆசிரியர், அதைத் தவறு என்று அடித்துவிட்டுப் போகமாட்டார். விளக்குகளைக் கொடுத்து மாணவரையே பார்க்கவைப்பார்.

மொழிப் பாடத்திலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1974இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டம் பின்னாளில் நாடு தழுவியதாக வளர்ந்தது. அதன் கோடைப் பயிலரங்குகளில், எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தாமே எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள், தம் வகுப்பில் பயன் தந்த முறைகளைச் சக ஆசிரியர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். கேட்பதைக் காட்டிலும் செய்வதே அங்கு மிகுதி.

ஆகவே, சேர்வதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கருத்தாளர் பேசும் நேரம் எவ்வளவு, பங்கேற்பாளர் செய்யும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பங்கேற்பாளர் ஒரு சிறு பாடத்தை நடத்திக் காட்டிப் பின்னூட்டம் பெற்று மீண்டும் நடத்தும் வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்கற்பித்தல் முறையின் உயிர்நாடி அந்த "மீண்டும்" என்பதில்தான் இருக்கிறது. பல பயிலரங்குகள் நேரமில்லை என்று சொல்லி விட்டுவிடுவதும் அதைத்தான். பள்ளி திறந்த பிறகு ஒரு முறையாவது மீண்டும் கூடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல இயலாதவர்கள் நடத்தும் பயிலரங்கைத் தவிர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

போகும்போது உங்கள் பாடநூலையும், கடந்த ஆண்டு மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களில் பெயரை மறைத்த சிலவற்றையும் கையில் கொண்டுபோங்கள். பயிலரங்கில் கற்கும் ஒவ்வொன்றையும் அந்த விடைத்தாள்களின் மீது வைத்துப் பாருங்கள். கிளம்பும் முன், முதல் பருவத்தில் நடத்தவிருக்கும் ஒரே ஒரு பாடத்துக்கான பாடக்குறிப்பை முழுமையாக எழுதி முடித்துவிடுங்கள். பள்ளி திறந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணினால் அதற்கு நேரம் வாய்க்காது.

பதில் 2: உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்

வணக்கம். கருத்தாளர் ஐயா சொன்னவற்றை வழிமொழிகிறேன். ஆனால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதோடு இந்த உரையாடல் நின்றுவிடக் கூடாது. பயிலரங்கில் கற்றது வகுப்பறைக்கு வராமல் போவதற்கு ஆசிரியரின் ஆர்வக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. பெரும்பாலும் உண்மையான காரணம் பள்ளியின் கால அட்டவணையில் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற ஆய்வாளர்கள், கோட்பாட்டு விளக்கம், செய்முறைக் காட்சி, பயிற்சி, பின்னூட்டம் ஆகிய நான்கும் ஆசிரியருக்குத் திறமையைத் தரும் என்றும், அந்தத் திறமை அன்றாட வகுப்பில் இடம்பெறுவதற்கு வகுப்பறையிலேயே ஒருவர் உடனிருந்து வழிகாட்டும் ஏற்பாடு தேவை என்றும் வாதிட்டார்கள். அண்மைக் காலச் சான்றுகளும் அதே திசையைக் காட்டுகின்றன. மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் இத்தகைய வழிகாட்டுதலைப் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கற்பிக்கும் முறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றமும், மாணவர் அடைவில் அதைவிடச் சிறிய, ஆனால் தெளிவான முன்னேற்றமும் தெரிந்தன. ஏராளமான ஆசிரியர்களுக்கு விரிவுபடுத்தியபோது விளைவு குறைந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அருகிருந்து பார்க்கும் ஒருவரின் கவனத்தை எளிதில் பெருக்கிவிட முடியாது அல்லவா?

பள்ளிகளால் செய்யக்கூடியது இதுதான். ஒருவரைத் தனியாக அனுப்பாமல், ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவரைச் சேர்த்து அனுப்பலாம். பள்ளி திறந்ததும் அவ்விருவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பொதுவான ஓய்வாகவும், மற்றொன்றை ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கும் வேளையாகவும் அட்டவணையிலேயே எழுதிவிடலாம். அந்தப் பார்வையிடலுக்கும் பணி மதிப்பீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. தலைமையாசிரியர் பின்வரிசையில் குறிப்பேட்டுடன் அமர்ந்தால் ஆசிரியர் தமக்கு நன்றாக வருகிற பாடத்தைத்தான் நடத்துவார், புதியதை முயலமாட்டார். ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் உள்ள பாட ஆய்வு முறையில், ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் மாணவர்களை உற்றுநோக்குகிறார்கள். பிறகு அந்தப் பாடத்தைத் திருத்துகிறார்கள். அங்கே விவாதிக்கப்படுவது பாடமே தவிர ஆசிரியர் அல்லர். இதை எந்தப் பள்ளியும் செலவின்றித் தொடங்கலாம்.

மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறேன். விடுமுறை என்பது ஆசிரியருக்கு ஓய்வுக்காகவும் குடும்பத்துக்காகவும் தரப்பட்டது. அதிலிருந்து நாட்களை எடுத்துக்கொள்ளும் நிர்வாகம் ஈடுசெய் விடுப்போ மதிப்பூதியமோ தருவதுதான் முறை. களைத்துப்போய் அமர்ந்திருப்பவருக்கு எவ்வளவு சிறந்த பயிலரங்கும் பயன்படாது. விடுமுறையின் முதல் வாரத்திலேயே பயிலரங்கை வைப்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பதில் 3: கணித ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரப் பயிலரங்கு நல்லது, ஒருநாள் பயிலரங்கு வீண் என்ற முடிவுக்கு இந்த உரையாடல் போய்விடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் சற்று மாறுபட்ட கருத்து ஒன்றை முன்வைக்கிறேன்.

மணிக்கணக்கைப் பற்றிப் பேசும்போது பலரும் மேற்கோள் காட்டுவது 2007இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மீளாய்வை. 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிய அதன் ஆசிரியர்கள், கடுமையான தரநிலைகளை எட்டியவை என்று 9 ஆய்வுகளை மட்டுமே ஏற்றார்கள். அவற்றில் 14 மணிநேரமோ அதற்குக் குறைவாகவோ பயிற்சி தந்தவற்றில் மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க விளைவு தென்படவில்லை. அதைவிட நீண்டவற்றில் தென்பட்டது. இதை வைத்துக்கொண்டு மணிநேரம் கூடினால் பயன் கூடும் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதே ஒன்பது ஆய்வுகள், அவையும் தொடக்கநிலை வகுப்புகளைச் சார்ந்தவை, அவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா? ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கென, பின்னம், விகிதம் போன்ற பகுதிகளில், கோடைப் பயிலரங்கு, ஆண்டின் இடையில் கூட்டங்கள், வகுப்பறை வழிகாட்டுதல் ஆகிய மூன்றையும் சேர்த்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. முதலாண்டு முடிவில் மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. கருத்தாளர் ஐயாவும் தலைமையாசிரியர் ஐயாவும் சொன்ன கூறுகளில் பலவும் அதில் இருந்தன. எனவே நாட்களின் எண்ணிக்கையையோ கூறுகளின் பட்டியலையோ பார்த்து மட்டும் ஒரு பயிலரங்கைத் தேர்ந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

மறுபக்கம், ஒரே நாளில் கற்றுக்கொண்டு ஆண்டு முழுவதும் பயன்படுத்தக்கூடியவையும் உண்டு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடி அளவே என்று கண்டார். அதை மூன்று வினாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையே வராமல் போவது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள். இந்தத் திறனைப் பழகுவதற்கு ஒரு வாரம் தேவையில்லை. கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒரு பாடவேளையை ஒலிப்பதிவு செய்து, மாலையில் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் உள்ள மௌனத்தை அளந்தால் போதும். அந்த மௌனம் எவ்வளவு குறுகியது என்பது கேட்கும் வரை நம்பமுடியாததாக இருக்கும். ஒருநாள் பயிலரங்கு இதுபோன்ற ஒரே ஒரு திறனை எடுத்து, அதை அறையிலேயே பழகவைத்தால், அது பயனுள்ள நாள்தான்.

திறன்பலகை, செயலிகள் பற்றிய பயிலரங்குகளை நான் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கமாட்டேன். கருவியைக் கற்பிப்பவர்கள் அந்தக் கருவியால் எந்தப் பாடத்தின் எந்தச் சிக்கல் தீரும் என்று சொல்வது அரிது. அந்தச் சிக்கலை நீங்களே முடிவுசெய்துகொண்டு போனால் மட்டும் பயன் உண்டு.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரப் பயிலரங்கின் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு எழுதிவிட்டேன். செய்முறை நேரம் கணிசமாக இருப்பதாகவும், முதல் பருவத்தின் இடையில் ஒரு நாள் மீண்டும் கூடுவதாகவும் பதில் வந்திருக்கிறது. ஆகவே அதில் சேரலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்கு நான் ஒருத்திதான் அறிவியல் ஆசிரியை. தலைமையாசிரியர் ஐயா சொன்னபடி இணையாக அனுப்பவும், வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் இங்கே யாரும் இல்லை. இத்தகைய நிலையில் இருப்பவர் தொடர்ச்சிக்கு என்ன வழி செய்யலாம்? மேலும், இணையவழிப் படிப்பை முற்றிலும் விட்டுவிடுவதா?

பதில் 4: பயிலரங்குக் கருத்தாளர்

நல்ல முடிவு, ஆசிரியை அவர்களே. கணித ஆசிரியர் எழுப்பிய ஐயம் நியாயமானது. நாட்களின் எண்ணிக்கை எதற்கும் உத்தரவாதம் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன்.

உங்களுக்கு இணை பயிலரங்கிலேயே கிடைப்பார். அதே வகுப்புகளுக்கு அதே பாடத்தை நடத்தும் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவரை முதல் இரண்டு நாட்களுக்குள் கண்டுகொண்டு, இருவரும் ஒரே பாடத்துக்கு ஒரே பாடக்குறிப்பை எழுதுங்கள். அதை நடத்தப்போகும் வாரத்தையும் அங்கேயே முடிவுசெய்துவிடுங்கள். ஒருவர் வகுப்பை மற்றவர் நேரில் பார்க்க முடியாது என்பது குறைதான். ஆனால் மாணவர்கள் எழுதியதைப் பரிமாறிக்கொள்ள முடியும். என் அனுபவத்தில், வகுப்பின் காணொளியைவிட விடைத்தாள்களைக் கொண்டு நடக்கும் உரையாடல் பயன் மிக்கது. காணொளியில் ஆசிரியரின் பேச்சும் நடையும்தான் கண்ணில் படும்.

இணையவழிப் படிப்பை விட வேண்டாம், கோடையில் தொடங்கவும் வேண்டாம். அதில் உள்ள பகுதிகளைப் பருவத்தில் அந்தந்தப் பாடம் வருவதற்கு முந்தைய வாரத்தில் பாருங்கள். உடனடியாகப் பயன்படுத்தப்போவதைப் படிக்கும்போது கவனம் வேறாக இருக்கும்.

ஓராண்டில் எல்லாப் பாடங்களையும் மாற்றிவிட முயலவேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தாமஸ் கஸ்கி 1986இல் முன்வைத்த ஒரு கருத்து எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஆசிரியரின் நம்பிக்கையை முதலில் மாற்றிவிட்டால் வகுப்பு மாறும் என்று பயிற்சியாளர்கள் எண்ணுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது, புதிய முறையால் தம் மாணவர்கள் கூடுதலாகக் கற்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஆசிரியரின் நம்பிக்கை மாறுகிறது என்றார் அவர். ஆகவே அந்தச் சான்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி ஏற்பாடு செய்யுங்கள். மின்சுற்றுப் பாடம் தொடங்கும் முன், தொடராக இணைத்த இரண்டு ஒத்த விளக்குகளின் படத்தைக் கொடுத்து, எது பிரகாசமாக எரியும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். பாடம் முடிந்து மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், அதே வினாவைக் கொடுங்கள். இரண்டு கட்டு விடைத்தாள்களையும் படமெடுத்து உங்கள் இணைக்கு அனுப்பிவிட்டு, அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் இட வேண்டாம். "ஏன்" என்பதற்கு மாணவர் எழுதிய வரியை மட்டும் படித்து, ஒரே மாதிரி எண்ணியவர்களின் தாள்களைத் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். மீண்டும் கூடும் நாளுக்கு அவற்றையே கொண்டுபோங்கள்.